பழப்புளியில் குளித்த ராசா

எங்களுடையது ராஜ பரம்பரை. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். ஒரு ராஜ பரம்பரைக்கு வேண்டியதெல்லாம் எங்களிடம் இருந்தது. முதல் அரசர் ஒருவர், அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் ஒருவர், வாரிசுச் சண்டை ஒன்று, வெண்கலக் குதிரை ஒன்று. இல்லாதது நாடு மட்டும்தான். அதற்குப் பதிலாக எங்கள் யாழ்ப்பாணத்து ஊரின் பெயரில் நாவலடித்துறை மக்கள் ஒன்றியம், மொன்றியல் கிளை இருந்தது. அதற்குத் தலைமையகமும் கிடையாது, வேறு கிளையும் கிடையாது. கிளை என்று போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்று எங்கள் பெரியப்பா ஆனந்தராசா போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அரசர்களைப் பற்றி அல்ல. அவர்களைப் பற்றிச் சொல்ல அவர்களே போதும். நான் சொல்ல வந்தது, அந்த அரசர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தே ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த என் மச்சாள் யோகராணியைப் பற்றி.

யோகராணி என் அண்ணன் உருத்திரமூர்த்தியின் மனைவி. மொன்றியலில் லாசால் பக்கம் மூன்றாம் மாடியில் வீடு. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. வாரநாட்களில் இருட்டோடு எழுந்து பஸ் பிடித்துப் போய், தட்டுத் தட்டாகப் பாணும் பட்டரும் சலாட்டும் அடுக்கிவிட்டு வருவார். ஆகாயத்தில் போகிறவர்களுக்கும் அவர்தான் சாப்பாடு போட வேண்டும், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அவர்தான் போட வேண்டும். சனிக்கிழமை உடுப்புத் தோய்ப்பது, சாமான் வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை? அங்கேதான் குதிரை வருகிறது.

பெரியப்பா கனடாவுக்கு வந்த புதிதில், ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் அவர் அதைக் கண்டார். ஒன்றரைச் சாண் உயரம் இருக்கும். கறுப்பேறிய வெண்கலம். முன்கால் ஒன்றைத் தூக்கி நிற்கும் குதிரை. அதன்மேல் ஓர் ஆள். இடக்கையில் கடிவாளம், வலக்கையை நீட்டி எதையோ காட்டுகிறார். தோள்வரை சுருள் சுருளாகத் தலைமயிர். பார்த்த உடனேயே பெரியப்பா, இது யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலி மன்னன்தான் என்று முடிவு கட்டிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரருக்குக் குதிரையேறிய ராசா என்றால் நல்லூரில் குதிரைமேல் வாளோடு இருக்கும் சங்கிலியன் சிலைதான். மற்ற ராசாக்கள் எல்லாம் நடந்து போனவர்கள்.

"சங்கிலியனுக்கு உந்தச் சுருட்டைமயிர் எங்கையிருந்து வந்தது?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"பறங்கியோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்ட மனுசன். சலூனுக்குப் போக நேரம் கிடைச்சிருக்குமோ?" என்றார் பெரியப்பா. அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

ஒன்றியத்தின் முதல் கூட்டம் பெரியப்பா வீட்டில் ஒரு கோடைகாலத்தில் நடந்தது. மேசைக் காற்றாடி அடித்த அடியில் பேப்பர்கள் பறந்தன. பெரியப்பா எழுந்துபோய்க் குதிரையைக் கொண்டுவந்து பேப்பர்களின்மேல் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் குதிரை வந்தது. அதற்கடுத்த கூட்டம் பனிக்காலத்தில். காற்றாடியும் இல்லை, பறக்கப் பேப்பரும் இல்லை, ஆனாலும் குதிரை வந்தது. சில வருடங்களில், குதிரை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில்தான் கூட்டம், அந்த வீட்டுக்காரர்தான் தலைவர் என்று ஆகிவிட்டது. யாரும் தீர்மானம் போடவில்லை. எல்லாருக்கும் அது பிறப்பிலேயே தெரிந்ததுபோல நடந்துகொண்டார்கள்.

பெரியப்பா கடைசிப் படுக்கையில் கிடந்தபோது தன் கலியாணச் சால்வையை எடுத்துக் குதிரையைச் சுற்றி, என் அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நானும் அதே பெரியப்பாவின் தம்பி பிள்ளைதான், அண்ணனைவிட நன்றாக நாலுபேர் நடுவில் கதைக்கக் கூடியவள்தான். என்னை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது வேறு கதை, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அன்றிலிருந்து குதிரை யோகராணியின் கண்ணாடி அலுமாரியில், டின்னர் செட்டுக்கும் மகள் சாம்பவியின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவில் நின்றது. ஞாயிறு மதியம் ஆனதும் அண்ணன் அதை எடுத்து மேசைமேல் வைப்பான். கோட்டும் பூட்ஸும் கழற்றிக்கொண்டு செயற்குழு வந்து இறங்கும். ஒருவருக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி, ஒருவருக்குச் சீனி தூக்கலாக, ஒருவருக்கு இஞ்சி போட்டு, ஒருவருக்குப் பால் தனியாக. கூடவே மீன் ரோல், வடை. ஒரு பனிக்காலம் முழுவதும் அவர்கள் பேசிய விஷயம், கோடைக்கால ஒன்றுகூடலில் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் தேசிக்காய் ஓட்டம் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது. சாப்பாட்டுக்குப் பின் என்று முடிவானபோது வெளியே பனி கரைந்துவிட்டது. அந்தக் கோடையில் ஓட்டம் நடந்த நாள் மழை.

யோகராணி வாயே திறக்கமாட்டார். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குசினி ஜன்னலால் எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எதிர்க் கட்டடத்தில் இருந்துதான் ஞாயிறு தவறாமல் றோசா புறப்படுவாள். றோசா போர்த்துக்கல்காரி, யோகராணியோடு அதே சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்கிறவள். தோளில் துவாய், காலில் சப்பாத்து, நகரசபை நீச்சல் குளத்துக்குப் போவாள். அங்கே தண்ணீருக்குள் நின்று கைகால் அசைக்கும் வகுப்பு. கீழே நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்து, "வியான், யோகா, வியான்!" என்று கை காட்டுவாள். வா, வா என்று.

யோகராணியும் போகத்தான் ஆசைப்பட்டார். அதற்காக ஒரு நீல நிற நீச்சல் உடுப்புக்கூட வாங்கி வைத்திருந்தார். கழுத்துவரை மூடி, முழங்கால்வரை வரும் உடுப்பு. கடை அட்டை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் எனக்கு மட்டும் எடுத்துக் காட்டினார்.

"எப்ப மச்சாள் போடப் போறியள்?" என்றேன்.

"உங்கட அண்ணைக்கு வேற ஞாயிறு கிடைக்கேக்கை," என்றார். உடுப்பை மடித்துப் பழையபடி வைத்தார்.

இப்படி இருக்கும்போது போன மார்கழியில் வாரிசுப் பிரச்சினை வெடித்தது. அண்ணன் ஒருநாள் குதிரையின் தலையைத் தடவிக்கொண்டே, தனக்குப் பிறகு சாம்பவிதான் என்று அறிவித்தான். சாம்பவி நகர மத்தியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள், தமிழ் பேசுவதைவிடப் பிரெஞ்சில் வேகமாகச் சண்டை பிடிப்பாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. செய்தி கேள்விப்பட்டுத் தொலைபேசியில் எடுத்தாள்.

"அப்பா, என்ர வீட்டில கட்டில் போட்டா கதவு திறக்காது. உங்கட குதிரையை நான் எங்க வைக்கிறது? குளியலறையிலயா?"

அதற்குள் தனோஜன் கிளம்பிவிட்டான். தனோஜன் பெரியப்பாவின் சொந்தப் பேரன், மகனின் மகன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன், தோள் இரண்டும் கதவகலம். நேரே கூட்டத்துக்கு வந்து நின்றான்.

"சித்தப்பா, குதிரை என்ர அப்பப்பாவின்ர. நேர் வழி நான்தான். நீங்கள் இடையிலை பார்த்துக்கொண்ட ஆள்."

"பார்த்துக்கொண்ட ஆளோ? சால்வை சுத்தி என்ர கையிலை தந்தவர்!"

"அவருக்கு அண்டைக்குக் காய்ச்சல்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தம்பி மகன் கட்சி, பேரன் கட்சி. இரண்டு கட்சிக்கும் யோகராணி ஒரே கேத்தலில் இருந்துதான் தேத்தண்ணி ஊற்றினார்.

அன்று ஷ்ருதியும் அங்கே இருந்தாள். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் சென்னைப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் பழைய கலைப்பொருட்களைப் பாதுகாப்பது பற்றிப் படிக்கிறாள். ரோலுக்கு மணம் பிடித்து மேலே வந்திருந்தாள். குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அங்கிள், இது யாரோ ஃபிரெஞ்சு ராஜா. தலையில இருக்கிறது விக். அந்தக் காலத்துல பெரிய சிலையை ஊர் நடுவுல வெப்பாங்க, அதே மாதிரி சின்னதா வெண்கலத்துல செஞ்சு மந்திரிங்களுக்கும் வேற ராஜாக்களுக்கும் பரிசா குடுப்பாங்க. டேபிள் மேல வெச்சுக்கணும். இந்த வம்சம் அசையாதுன்னு அர்த்தம். பாருங்க, குதிரை துள்ளுது, ஆனா ஒத்தக் கையால புடிச்சிருக்காரு. நாட்டையும் அப்படித்தான் புடிச்சிருக்கேன்னு காட்டறாரு. இது அதோட நகல், பின்னாடி கடையில வித்ததா இருக்கும். இதை மேசையில வெச்சதும் வெச்சவருக்கு ஒரு கெத்து வரணும், அதுக்குத்தான் செஞ்சது."

எந்த நாட்டு ராசாவோ, எந்தக் காலத்துச் சாமானோ, லாசாலில் மூன்றாம் மாடியில் வந்தும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்தான். "பிள்ளை, படிச்சது காணும். ரோல் ஆறப்போகுது, சாப்பிடும்," என்றான்.

தைப்பொங்கல் வந்தது. வெளியே மூக்கு உறைந்து விழுகிற குளிர். யோகராணி பொங்கலுக்கு முதல்நாள் வீட்டிலுள்ள குத்துவிளக்கு, செம்பு, தட்டம், மணி எல்லாவற்றையும் குசினித் தொட்டியில் இறக்கினார். பழப்புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். பொங்கலுக்கு வீட்டில் கறுத்த பாத்திரம் இருக்கக் கூடாது. அது அவர் கைக்குப் பழகிய வேலை, மூளையைக் கேட்டுச் செய்வதில்லை. விளக்கு முடிந்தது, செம்பு முடிந்தது. கை சும்மா இருக்கவில்லை. அலுமாரியைப் பார்த்தார். அங்கே ஒருவர் கறுத்துப்போய், பொங்கலும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

ராசாவும் தொட்டிக்குள் இறங்கினார்.

சுருட்டைமயிருக்குள் எல்லாம் பிரஷை விட்டுத் தேய்த்திருக்கிறார். கறுப்புப் போகப் போக ராசாவுக்கு மீசை ஒன்று வெளிப்பட்டது. அதுவரை யாருக்கும் தெரியாத மீசை. அதற்குக் கீழே ஒரு சிறிய சிரிப்பும் இருந்தது. கழுவித் துடைத்து, திரும்ப அலுமாரியில் வைத்தபோது அது சாமி அறை விளக்கைவிட மினுங்கியது. யோகராணிக்குப் பெரிய திருப்தி. அண்ணனுக்கு அன்று இரட்டை வேலை; வந்து படுத்துவிட்டான். பொங்கல் நாளில் பொங்கலைப் பார்த்தானே தவிர அலுமாரியைப் பார்க்கவில்லை.

ஞாயிறு வந்தது. செயற்குழு முழுதும் கூடியிருந்தது, தனோஜனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் அலுமாரியைத் திறந்தான். திறந்த வாய் மூடவில்லை.

"இது எங்கட குதிரை இல்லை," என்றான்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் மஞ்சளாக மினுங்கும் ஒரு குதிரை. மேலே மீசை வைத்துச் சிரிக்கும் ஓர் ஆள்.

"சங்கிலியனுக்கு மீசை இல்லை!" என்றார் ஒருவர்.

"சங்கிலியன் ஒருநாளும் சிரிச்சதில்லை!" என்றார் இன்னொருவர்.

"சித்தப்பா," என்றான் தனோஜன், "எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? எனக்குத் தரவேண்டி வரும் எண்டு அசலை ஒளிச்சுப்போட்டு, மலிவுக் கடையிலை ஒண்டை வாங்கிக்கொண்டந்து வைச்சிருக்கிறியளோ?"

"நானோ? நீதான்டா பொங்கலுக்கு வீட்டை வந்து ரெண்டு தரம் கைகழுவப் போனனி!"

யோகராணி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். குதிரையின் இடக் காதுக்குள் ஒரு சிறிய புளிநார் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. யோகராணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார்.

"இஞ்சருங்கோ, அது வந்து..."

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினான், அந்த ராசா நீட்டுகிற மாதிரியே. "யோகம், இது பெரிய விசயம். நீர் போய்த் தேத்தண்ணியைப் பாரும்."

யோகராணி வாயை மூடினார். போய்த் தேத்தண்ணியைப் பார்த்தார். நானும் பின்னாலேயே போய் நின்று, அவர் பார்ப்பதைப் பார்த்தேன். உள்ளே கத்திக் கத்திக் கடைசியில் ஒரு தீர்மானம் எடுத்தார்கள்: அசல் குதிரை கிடைக்கும்வரை ஒன்றியத்துக்குத் தலைவர் இல்லை. தலைவர் இல்லாததால் கூட்டமும் இல்லை.

யோகராணி கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மச்சாள், அப்ப வாற ஞாயிறு..." என்றேன்.

"மெல்லமாக் கதையும்," என்றார்.

அடுத்த ஞாயிறு றோசா கீழே நின்று கை காட்டியபோது ஜன்னலில் ஆள் இல்லை. ஆள் ஏற்கெனவே படியிறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றது, கையில் பையோடு. நானும் போனேன், நனைவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. கடை அட்டையை அங்கே உடுப்பு மாற்றும் அறையில்தான் பல்லால் கடித்து அறுத்தார். முதலில் தண்ணீரில் ஒரு காலை விட்டு, ஐயோ என்று வெளியே எடுத்தார். பிறகு முழுதாக இறங்கினார். சொல்லிக்கொடுக்கிற எலிசா என்கிற பெட்டை பாட்டைப் போட்டு "அலே, அலே!" என்று கத்த, குளத்திலுள்ள பெண்கள் எல்லாம் கையைத் தூக்கினார்கள். யோகராணியும் தூக்கினார். தட்டு இல்லாமல் அந்தக் கைகள் மேலே போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, குளோரின் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்படி இரண்டு மூன்று ஞாயிறுகள் போயின. பச்சைமிளகாய்போலச் சுறுசுறுப்பாகிவிட்டார் மச்சாள். ஆனால் வீட்டில் என் அண்ணன் வாடிப்போனான்.

அரசு போனால் அரசர் என்ன செய்வார்? பழைய சாமான் கடை எல்லாம் ஏறி இறங்கினான். கைத்தொலைபேசியில் விற்பனைக்கு வரும் குதிரைகளை இரவு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்தான். மரக் குதிரை, பீங்கான் குதிரை, ஆடும் குதிரை. அலுமாரிப் பக்கம் முகம் திருப்பமாட்டான். அங்கே மீசைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார், அவனை எள்ளி நகையாடுவதுபோல. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி, "பெரியப்பா என்னை நம்பித்தான் தந்தவர், யோகம்," என்றான். அதற்கு மேல் சாப்பிடவில்லை.

யோகராணி அன்று என்னிடம் வந்து இருந்தார். "சொன்னா ஞாயிறு போயிடும். சொல்லாட்டி மனுசன் போயிடும்," என்றார். "நான் என்ன செய்ய?"

எனக்கு என் அண்ணனைவிட மச்சாளைத்தான் பிடிக்கும், அதனால் என் யோசனையை யாரும் கேட்காமல் இருப்பதே நல்லது.

இதற்கிடையில் தனோஜன் அசலைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தான். ரொக்ஸ்பரோவில் அப்பப்பாவின் பழைய வீட்டு நிலவறையில் கிடைத்ததாம். பொதுக்கூட்டம் கூட்டச் சொன்னான். லாசாலில் ஒரு மண்டபம் எடுத்தார்கள், மதியச் சாப்பாட்டோடு. நாவலடித்துறைக்காரர் எல்லாரும் வந்தார்கள். சங்கத்துக்காக வராதவர்கள் சாப்பாட்டுக்காக வந்தார்கள். ஷ்ருதியும் வந்தாள், சாம்பவியும் வந்தாள்.

மேடை மேசையில் அண்ணன் தன் மஞ்சள் குதிரையை வைத்தான். தனோஜன் பையைத் திறந்து கறுத்த குதிரை ஒன்றை எடுத்து வைத்தான். கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. தனோஜனின் குதிரையில் இருந்தவர் விளிம்பு வளைந்த தொப்பி போட்டிருந்தார். கையில் சுருட்டிய கயிறு. இடுப்பில் துப்பாக்கி.

"தம்பி, உது மாடு மேய்க்கிற வெள்ளைக்காரன்," என்றார் முன்வரிசையில் இருந்த மாக்கிரட் அக்கா.

"சங்கிலியன் காடு வழியப் போகேக்கை போட்ட உடுப்பு," என்றான் தனோஜன். அவன் தன் அப்பப்பாவின் பேரன்தான் என்பதில் எனக்கு அதன்பின் சந்தேகமே வரவில்லை.

சிரிப்பும் கூச்சலுமாக மண்டபம் அதிர்ந்தது. இரண்டு கட்சிக்காரரும் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். அப்போது என் அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"ஒருத்தரும் சண்டை பிடிக்கவேண்டாம். அசல் குதிரை என்ர வீட்டிலை இருந்துதான் துலைஞ்சது. காவல் காக்கத் தெரியாதவன் தலைவரா இருக்கக் கூடாது. நான் விலகிறன். பெரியப்பாவின்ர படத்திலை முழிக்க எனக்கு..." உண்மையாகவே அழுதான். அவன் அழுது நான் பார்த்தது எங்கள் ஐயா செத்தன்று மட்டும்தான்.

யோகராணி சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் அகப்பையோடு நின்றவர், அகப்பையைக் கீழே வைத்தார்.

"துலையேல்லை," என்றார். "உது அதே குதிரைதான். பொங்கலுக்கு நான்தான் மினுக்கினனான். பழப்புளியும் உப்பும் போட்டு."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான், உருக்கமாக.

"யோகம், என்னைக் காப்பாத்தவேணும் எண்டு உப்பிடிப் பொய் சொல்லாதையும்."

"பொய்யோ?" என்றார் யோகராணி.

அந்த "பொய்யோ" வந்த விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நிற்கமாட்டார். சாப்பாட்டு மேசையில் இருந்த ரசச் சட்டியில் கைலேஞ்சியைத் தோய்த்தார். விறுவிறென்று மேடையேறினார். தனோஜனின் கறுத்த குதிரையை இழுத்து, மேலே இருந்த தொப்பிக்காரரின் மூக்கைப் பிடித்து அழுத்தித் தேய்த்தார்.

"ஆன்ட்டி, வேணாம்!" என்று ஷ்ருதி பின்னால் இருந்து அலறினாள். "அது அழுக்கு இல்ல ஆன்ட்டி, அதுதான் அதோட வயசு!"

"வயசு போனா என்ன, பிள்ளை. ரசத்திலையும் புளிதான், முகத்தைப் பார்," என்றார் யோகராணி. தொப்பிக்காரரின் மூக்கு மட்டும் பொன்போல மினுங்கியது. உடல் முழுதும் கறுப்பு, மூக்கு மஞ்சள். ரசத்து மிளகு ஒன்று தொப்பி விளிம்பில் ஒட்டியிருந்தது.

மாக்கிரட் அக்கா முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ஷ்ருதி தலையில் கைவைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். மார்கழியில் தான் எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினாள். அதே வளைந்த பின்கால், அதே உடைந்த கடிவாள நுனி. அண்ணன் மஞ்சள் குதிரையை இரண்டு கையாலும் தூக்கி, காதுக்குள் பார்த்தான். புளிநாரைக் கிள்ளி எடுத்தான். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோகராணியைப் பார்த்தான்.

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" என்றான்.

"சொல்ல வந்தனான். தேத்தண்ணியைப் பார்க்கச் சொன்னியள். பார்த்தனான்."

அண்ணன் தலையைக் குனிந்தான். சாம்பவி முன்வரிசையில் இருந்து கைதட்டினாள், தனியாக.

தனோஜன் மட்டும் விடவில்லை. "சரி, அசல் இதுதான். இனி ஆருக்கு? பேரனுக்கோ, தம்பி மகனுக்கோ? இண்டைக்கே முடிவு வேணும்."

யோகராணி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். வாழ்நாளில் முதல்தடவை. அது கீச்சென்று கத்தியதும் பயந்து தள்ளிப் பிடித்தார்.

"எனக்கு உங்கட வம்சம் தெரியாது," என்றார். "குதிரை இருக்கிற வீட்டிலைதான் கூட்டம் எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டிலை தேத்தண்ணி ஆர் போடுறது எண்டு ஒருத்தரும் இதுவரைக்கும் கேக்கேல்லை. நான் சொல்லுறன். குதிரை ஆருக்கு வேணுமோ, அவர்தான் இனித் தேத்தண்ணி போடவேணும். அவற்ற மனிசி இல்லை. அவர். ரோலும் அவர் சுடவேணும். கோப்பையும் அவர் கழுவவேணும். ஞாயிறு நான் வீட்டிலை நிக்கமாட்டன். விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழும்பவில்லை. ராஜ பரம்பரையின் இரண்டு கிளைகளும் மண்டபத்துச் சுவரில் இருந்த தீயணைக்கும் கருவியைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தன. தனோஜன் தொண்டையைச் செருமினான்.

"எனக்கு ஞாயிறிலை ஷிஃப்ட் வரும், சித்தி," என்றான். தன் தொப்பிக்காரரை மெல்லப் பையில் போட்டான். மூக்கு மட்டும் பைக்கு வெளியே தெரிந்தது.

அப்போது என் அண்ணன் கையைத் தூக்கினான். முழுதாகத் தூக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் விடை சரியாகத் தெரியாத பையன் தூக்குகிற மாதிரி, காதுவரை.

"நான் போடுறன்," என்றான்.

"தேத்தண்ணி போடத் தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாது. பழகிறன்."

யோகராணி அவனைப் பார்த்தார். கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது, இரண்டுக்கும் மேலாக வேறொன்றும் இருந்தது. தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் குதிரையைச் சுற்றி, அவன் கையில் கொடுத்தார். அவன் குனிந்து வாங்கினான். அந்த வம்சத்தில் அப்படி ஒரு பட்டாபிஷேகம் அதற்கு முன் நடந்ததில்லை.

அடுத்த ஞாயிறு நான் குளத்துக்கரையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன், யோகராணியின் கைத்தொலைபேசியையும் வைத்துக்கொண்டு. எலிசா எல்லாருக்கும் மிதக்கும் நீளத் தடி ஒன்று கொடுத்தாள், பஞ்சுபோல மெத்தென்று இருக்கும், பச்சை நிறம். அதைக் கால்களுக்கு நடுவில் போட்டு ஏறி உட்கார்ந்து, தண்ணீருக்குள் காலால் மிதித்துக்கொண்டு முன்னே போக வேண்டும். றோசா ஏறி ஒருபக்கம் சரிந்து விழுந்து தண்ணீர் குடித்தாள். யோகராணி ஏறினார். தடி துள்ளியது, ஒருதரம் ஆட்டம் கண்டது. இடக்கையால் அதன் முன்நுனியைப் பிடித்தார். நிமிர்ந்தார். நின்று நிதானமாகக் குளத்தின் நடுவால் போகத் தொடங்கினார்.

தொலைபேசி அடித்தது. அண்ணன்.

"எங்கை யோகம்? சனம் எல்லாம் வந்திட்டுது. தேயிலை எந்த டப்பாவிலை? இஞ்சி எப்ப போடுறது, கொதிக்க முன்னமோ பேந்தோ? ஒருத்தர் சீனி இல்லாமல் கேக்கிறார், ஒருத்தர் பால் தனிய எண்டுறார், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவவிட்டக் குடு, கெதியாக் குடு!"

நான் எழுந்து தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். "மச்சாள், அண்ணை! தேயிலை எங்கையாம்!"

யோகராணி திரும்பினார். நீல உடுப்பு, நனைந்த தலைமயிர் சுருள் சுருளாகத் தோளில். இடக்கையில் கடிவாளம். வலக்கையை மெதுவாகத் தண்ணீருக்கு மேலே எடுத்து, என் பக்கம் நீட்டினார்.

"பேந்து கதைக்கிறன் எண்டு சொல்லும்," என்றார். மீசை ஒன்றுதான் இல்லை, சிரிப்பு இருந்தது.